எழுதுகோல் யார் கையில்? – ஜீன் வெப்ஸ்டரின் ‘டியர் எனிமி’ நாவலும் கொல்லிமலைக் கடிதங்களும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வெப்ஸ்டர் 1915இல் வெளியிட்ட ‘டியர் எனிமி’ (அன்புள்ள பகைவனுக்கு) ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றின் நிருவாகத்தைக் கதைக்களமாகக் கொண்ட கடித வடிவக் காதல் நாவல். அதன் முன்கதையான ‘டேடி லாங் லெக்ஸ்’ (1912) நாவலில் கடிதம் எழுதுபவள் இல்லத்தில் வளர்ந்த பெண். பின்னதில் எழுதுபவள் இல்லத்தின் கண்காணிப்பாளர். எழுதுகோல் கைமாறிய இந்த ஒரு மாற்றமே பின்னைய நாவலின் சீர்திருத்த உணர்வுக்கும், அதனுள் புகுந்துவிட்ட பரம்பரைத் தூய்மைக் கோட்பாட்டிற்கும் வாயில் திறந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதே காலக்கட்டத்தில் கொல்லிமலையில் குழந்தைகளைப் பேணிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இணையரின் வாழ்வும் அவர்கள் குடும்பக் கடிதங்களும் இக்கருதுகோளைச் சோதிக்கும் களமாகக் கொள்ளப்படுகின்றன. கோவூர் கிழாரின் புறநானூற்றுப் பாடல் (புறம். 46) மதிப்பீட்டிற்குரிய அளவுகோலைத் தருகிறது.

திறவுச்சொற்கள்: கடித நாவல், ஜீன் வெப்ஸ்டர், ஆதரவற்றோர் இல்லம், கொல்லிமலை, பிராண்ட் இணையர், பரம்பரைத் தூய்மைவாதம், புறநானூறு.

1. முன்னுரை

கடித வடிவில் அமைந்த புனைகதை தமிழுக்குப் புதியதன்று. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921இல் நூலாயிற்று. மு.வரதராசனார் கடிதத்தையே சிந்தனை உரைநடையின் வாகனமாக்கினார். இவ்வடிவத்தைப் பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் எழுதுபவரின் அகவுணர்வு வெளிப்பாட்டையே கருத்தில் கொண்டுவந்துள்ளது. கடிதத்தில் பேசப்படுபவர் நிலை யாது என்ற வினா அதே அளவு எழுப்பப்படவில்லை. கடிதத்திற்கு இரு முனைகள் உண்டு: எழுதுபவர், பெறுபவர். மூன்றாமவராக நிற்பவர் கடிதத்தின் பொருளாக மட்டுமே இருக்கமுடியும். அம்மூன்றாமவர் தனக்கெனப் பேச யாருமற்ற குழந்தையாக இருக்கும்போது வடிவச் சிக்கல் அறச்சிக்கலாக மாறுகிறது.

இச்சிக்கலை ஆராய ‘டியர் எனிமி’ பொருத்தமான நூல். ஆதரவற்றோர் இல்லத்தின் அன்றாடத்தை இத்துணை விரிவாகவும் நகைச்சுவையோடும் காட்டும் கடித நாவல் வேறொன்று எளிதில் கிடைக்காது. அந்நாவல் வெளிவந்த காலத்தில் கொல்லிமலையில், ஓர் ஆங்கில மிஷனரி இணையர் மலையாளிப் பழங்குடி மக்களிடையே பள்ளி, மருந்தகம், குழந்தைகள் காப்பு ஆகிய பணிகளைத் தொடங்கியிருந்தனர். ஒன்று புனைவு, மற்றொன்று வாழ்வு. இரண்டும் ஒன்றை ஒன்று அறியாதவை. இங்கு முயல்வது செல்வாக்கு ஆய்வன்று. ஒரே காலத்தில், ஒரே வினாவிற்கு, இரு வேறு நிலங்களில் கிடைத்த விடைகளை ஒப்பிடும் இணைநிலை ஆய்வே ஆகும்.

2. எழுதுகோல் கைமாறிய கதை

ஜீன் வெப்ஸ்டர் (1876–1916) வாசர் கல்லூரியில் பயின்று 1901இல் பட்டம் பெற்றவர். மாணவப் பருவத்திலேயே ஆதரவற்ற, குற்றம் இழைத்த குழந்தைகளுக்கான நிறுவனங்களைப் பார்வையிட்டவர். அவ்வனுபவத்தின் முதல் விளைச்சல் ‘டேடி லாங் லெக்ஸ்’. ஜான் கிரியர் இல்லத்தில் வளர்ந்த ஜெருஷா ஆபட் என்னும் பெண்ணைப் பெயர் வெளியிட விரும்பாத அறங்காவலர் ஒருவர் கல்லூரிக்கு அனுப்புகிறார். மாதம் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்பதே அவர் விதிக்கும் கட்டளை. அவரிடமிருந்து பதில் வராது. ஆதரவு பெறுபவள் எழுதுகிறாள், ஆதரிப்பவர் மௌனம் காக்கிறார். இந்த ஒருதலை அமைப்பிலும் எழுதுகோல் அவள் கையில் இருக்கிறது. தன் பெயர் கல்லறைக் கல்லிலிருந்தும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் பொறுக்கப்பட்டது என்ற இழிவை அவளே சொல்கிறாள். ‘ஜூடி’ என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்கிறாள். நன்றியுணர்வை எதிர்பார்க்கும் உலகிடம் நன்றியைக் கேள்விக்குட்படுத்தும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறாள்.

‘டியர் எனிமி’யில் ஜூடி திருமணமாகி, தன்னை வளர்த்த அதே இல்லத்தைச் சீர்திருத்தும் இடத்தில் இருக்கிறாள். கல்லூரித் தோழி சாலி மக்பிரைடைக் கண்காணிப்பாளராக அமர்த்துகிறாள். சாலி செல்வக் குடும்பத்துப் பெண், விருந்துகளுக்குப் பழகியவள். பணிப்பெண்ணோடும் நாயோடும் வந்து சேர்கிறாள். நூற்றுப் பதின்மூன்று குழந்தைகளின் பொறுப்பு அவள் மேல் விழுகிறது. அவள் ஜூடிக்கும், காதலனான அரசியல்வாதி கார்டன் ஹாலக்கிற்கும், இல்லத்து மருத்துவர் ராபின் மக்ரேக்கும் எழுதும் கடிதங்களே நாவலைத் தாங்குகின்றன. மருத்துவரை அவள் விளிக்கும் தொடரே நாவலின் தலைப்பு.

இங்கு நிகழ்ந்திருப்பதை வடிவநோக்கில் கூறின்: முதல் நாவலில் இல்லத்துக் குழந்தை எழுதியது, அறங்காவலர் பேசப்பட்டார். இரண்டாம் நாவலில் நிருவாகி எழுதுகிறாள், குழந்தைகள் பேசப்படுகின்றனர். இல்லத்தில் வளர்ந்து எழுதக் கற்ற ஜூடியே கடிதம் பெறுபவளாக, பதிலுரை அச்சிடப்படாதவளாக, மௌனத்தின் பக்கம் போய்ச் சேர்கிறாள். முன்பு அறங்காவலர் இருந்த இடத்தில் இப்போது அவள். ஆதரவற்றவள் ஆதரிப்பவளாக உயர்ந்த வெற்றிக்கதை இது. அந்த வெற்றியின் விலை அவளது குரல்.

3. எண்ணிக்கையிலிருந்து பெயருக்கு

சாலியின் தொடக்கக் கடிதங்களில் குழந்தைகள் ஒரு கூட்டம். ஒரே நிற உடை, ஒரே வாசனை, ஒரே ஒழுங்கு. அவள் மேற்கொள்ளும் சீர்திருத்தங்கள் முதலில் பொருள்சார்ந்தவை: சுவர்களின் நிறம், உணவு, உடை, காற்று, விளையாட்டு. நாவலின் வாசிப்பின்பத்தில் பெரும்பங்கு இவற்றால் ஆனது. கணக்குப் புத்தகம், பழமைவாத அறங்காவலர், சமையலறை, கொதிகலன் என ஒரு நிறுவனம் இயங்கும் முறையை நகைச்சுவையோடு சொல்ல வெப்ஸ்டரால் இயல்கிறது.

நாவல் முன்னேற முன்னேறக் கூட்டத்திலிருந்து பெயர்கள் பிரிகின்றன. குறும்புக்காரியான சேடி கேட், அலெக்ரா என்னும் சிறுமி, அவளுடைய இரு உடன்பிறந்தோர் எனத் தனித்தனி முகங்கள் தோன்றுகின்றன. குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்ப்பது நிருவாகத்தின் முதன்மை நோக்காகிறது. இது காலத்தின் குரல். 1909இல் வெள்ளை மாளிகையில் கூடிய ஆதரவற்ற குழந்தைகள் குறித்த மாநாடு, நிறுவனத்தைவிடக் குடும்பமே குழந்தைக்கு உகந்தது என்ற கொள்கையை வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1912இல் குழந்தைகளுக்கான கூட்டாட்சிப் பணியகம் அமைந்தது. வெப்ஸ்டரின் நாவல் அக்கொள்கையைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்த நூல்களுள் ஒன்று. 1916ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிகுதியாக விற்ற பத்துப் புனைகதைகளுள் அது இடம்பெற்றது.

அலெக்ரா பகுதி இக்கொள்கையின் உள்முரணைத் தொடுகிறது. வளமான குடும்பம் ஒன்று தங்கையை விரும்புகிறது, அண்ணன்மாரை விரும்பவில்லை. குடும்பம் தேடித் தருவதற்காகவே இருக்கும் ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாமா? நாவல் இறுதியில் மூவரையும் ஒரே வீட்டில் சேர்த்து இச்சிக்கலை இனிதாக முடிக்கிறது. முடிவு இனிதாயினும் எழுந்த வினா மெய்யானது. ஆயினும் இவ்வினாவைச் சாலி எழுதுகிறாள், மருத்துவர் விவாதிக்கிறார், ஜூடி படிக்கிறாள். அண்ணன்மார் என்ன நினைத்தனர் என்பது கடிதத்திற்கு வெளியே நின்றுவிடுகிறது.

4. பரம்பரைக் கோட்பாடும் கடித வடிவமும்

இன்றைய வாசகர் இந்நாவலில் திடுக்கிட்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. மருத்துவரின் தூண்டுதலால் சாலி பரம்பரை பற்றிய நூல்களைப் படிக்கிறாள். ஜூக்ஸ், காலிகாக் எனப்பட்ட குடும்பங்களின் வரலாற்றைத் தோழிக்குச் சுருக்கிச் சொல்கிறாள். ‘மந்தபுத்தி’ உடையோரைத் தனியிடங்களில் வைத்துப் பேணி, அவர்கள் வழி பெருகாமல் காக்கவேண்டும் என்ற கருத்து அவள் கடிதத்தில் கலகலப்பான நடையிலேயே வந்துவிடுகிறது.

ஹென்றி காடர்டின் காலிகாக் குடும்ப ஆய்வு 1912இல் வெளிவந்தது. அதன் தரவு திரட்டிய முறை பெரிதும் பிழையானது என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஆயினும் அக்காலத்தில் அது முற்போக்கு அறிவியல் எனவே கொள்ளப்பட்டது. கட்டாய மலடாக்கச் சட்டத்தை இந்தியானா மாநிலம் 1907இலேயே இயற்றியிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் அத்தகைய சட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. எனவே சாலியின் கூற்றை ஒரு பாத்திரத்தின் வேடிக்கைப் பேச்சென்று ஒதுக்கிவிட இயலாது. சுவருக்கு வண்ணம் பூசியதும் பரம்பரையைக் கணக்கிட்டதும் ஒரே சீர்திருத்த மனத்தின் இரு செயல்கள்.

இப்பகுதியைக் காலத்தின் குறை என்று கூறிக் கடந்துவிடும் போக்கு உண்டு. அது போதிய விளக்கமாகாது. முதல் நாவலும் அதே ஆசிரியருடையது, மூன்றாண்டே முந்தையது. அதில் இக்கோட்பாட்டிற்கு இடமில்லை. காரணம் எளியது. தன் பெற்றோரை அறியாத ஜெருஷாவே எழுதுகிறாள். பரம்பரையே விதி என்று அவள் ஒப்புக்கொண்டால் அடுத்த வரியை எழுத அவளுக்கு உரிமை இராது. அவளுடைய ஒவ்வொரு கடிதமும் அக்கோட்பாட்டிற்கு மறுப்பு. எழுதுகோல் நிருவாகியிடம் சென்றதும் குழந்தையின் பின்புலம் அறியப்படவேண்டிய தகவலாகிறது. தகவல் வகைப்பாடாகிறது, வகைப்பாடு தீர்ப்பாகிறது. குழந்தை எழுதியபோது எதிர்காலம் பேசப்பட்டது. குழந்தையைப் பற்றி எழுதியபோது இறந்தகாலம் பேசப்பட்டது.

நாவல் தன்னை அறியாமலே இதற்கு எதிர்ச்சான்றும் தருகிறது. மனவளர்ச்சி குன்றியவளாகக் கருதப்பட்ட லொரெட்டா என்னும் சிறுமியை ஓர் எளிய குடும்பம் ஏற்கிறது. அங்கு அவள் நலம்பெறுகிறாள். சாலி அதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறாள். ஆனால் அந்நிகழ்ச்சி தான் படித்த கோட்பாட்டைக் கேள்விக்குட்படுத்துகிறது என்பதை அவள் ஆராய்வதில்லை. நிகழ்ச்சிகளைக் காணும் கண் ஆசிரியருக்கு இருக்கிறது. அந்நிகழ்ச்சி மெய்ப்பிப்பதைக் கேட்கும் செவி கடிதம் எழுதுபவளுக்கு இல்லை.

5. ‘பகைவன்’ என்னும் விளி

காதல் நாவல் என்ற நிலையிலும் இந்நூலின் சிறப்பு விளிகளில் அமைந்துள்ளது. கார்டனுக்கு எழுதும் கடிதங்களில் அன்புமொழி உண்டு, ஆனால் பணி பற்றிய பேச்சு அவனுக்குச் சலிப்பூட்டுகிறது. அவன் அவளை அப்பணியிலிருந்து விடுவிக்கவே விரும்புகிறான். மருத்துவருக்கு எழுதும் கடிதங்களில் விளியே பகை. ஆயினும் அவற்றில் குழந்தைகளின் காய்ச்சல், உணவு, உறக்கம் என அவள் நாள் முழுதும் நிறைந்துள்ளது. நிச்சயிக்கப்பட்ட உறவு முறிந்து, இறுதிக் கடிதத்தில் ‘பகைவன்’ என்னும் சொல் மறைந்து மருத்துவரின் இயற்பெயர் விளியாகிறது. திருமணத்திற்காகப் பணியைத் துறப்பது என்ற அக்காலக் கதைமுடிவு இங்குக் கவிழ்க்கப்படுகிறது. பணியே காதலுக்கு வழியாகிறது.

மருத்துவரின் கதையில் ஆசிரியரின் வாழ்வும் நிழலாடுகிறது. மனநோயுற்ற மனைவியை மறைவாகத் தாங்கிய மனிதராக மக்ரே படைக்கப்பட்டுள்ளார். வெப்ஸ்டர் மணந்த கிளென் ஃபோர்டு மக்கின்னியும் மனநோயுற்ற மனைவியோடு நெடுங்காலம் துன்புற்று, மணவிலக்குப் பெற்றவர். அவர்கள் 1915இல் மணந்தனர். அடுத்த ஆண்டு சூன் 11ஆம் நாள், பெண் மகவு ஒன்றை ஈன்ற பின் வெப்ஸ்டர் மறைந்தார். பரம்பரை நோய் குறித்த அச்சம் இந்நாவலில் வெறும் நூலறிவாக மட்டும் வரவில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. அது தொண்டைக்குள் சிக்கிய துயரமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அத்துயரத்திற்கு மருத்துவரின் மௌனத்தில் கண்ணியம் கிடைக்கிறது. அதே அச்சம் இல்லத்துக் குழந்தைகள் மேல் பாயும்போது புள்ளிவிவரமாகிறது. பெரியவர்க்குத் துன்பியல், சிறியவர்க்கு வகைப்பாடு என்ற இப்பிரிவினையே நாவலின் ஆழமான குறை.

6. கொல்லிமலை: அதே ஆண்டுகள், வேறு கடிதங்கள்

இக்குறை ஒரு நாவலாசிரியருடையதா, இவ்வகை எழுத்து முழுவதற்கும் உரியதா என்று காண, புனைவிலிருந்து வாழ்வுக்கு வரவேண்டும். அதற்குக் கொல்லிமலை இடம் தருகிறது.

ஜெஸ்ஸி பிராண்ட் இலண்டனில் வெப்பமண்டல மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்று 1907இல் தமிழகம் வந்தவர். ஓவியக் கலையில் தேர்ந்த எவலின் ஹாரிஸை 1913இல் மணந்தார். இருவரும் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் குடியேறினர். மலேரியாவிற்கு அஞ்சிச் சமவெளி மக்கள் தங்கத் தயங்கிய மலை அது. இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளில் ஏறும் சாலை அப்போது இல்லை. மலைமேல் மரவீடு கட்டினர். மருந்து கொடுத்தனர், பள்ளிகள் நடத்தினர், தச்சும் உழவும் கற்பித்தனர். நரம்புச் சிலந்திப் புழுவால் வருந்திய ஊர்களில் புழுவை நீக்கியதோடு, நோயைப் பரப்பிய படிக்கிணறுகளைச் சுற்றிச் சுவரெழுப்பவும் வலியுறுத்தினர். 1914 சூலையில் அவர்களுக்குப் பிறந்த மகனே பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கான அறுவைச் சிகிச்சையில் உலகப்புகழ் பெற்ற பால் பிராண்ட்.

முதல் உலகப்போரின் முடிவில் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் கொல்லிமலையையும் தாக்கியது. பிராண்ட் இணையர் கஞ்சி காய்ச்சி நோயுற்றோர்க்கு ஊட்டினர் என்றும், அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் இறக்கும் தறுவாயில் தம் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார் என்றும் அவர்களுடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கைக்குழந்தையான மகளுக்கு விவிலியப் பெயர் இடப்பட்டது. மிஷன் வரலாற்றில் இது திருப்புமுனையாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி. பகைவனாக இருந்தவர் தம் மக்களை நம்பி ஒப்படைத்தார் என்ற வகையில், வெப்ஸ்டரின் தலைப்பு நாவலுக்கு வெளியே மெய்ப்பட்ட இடமும் இதுவே.

இந்நிகழ்ச்சியின் ஈரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் திறனாய்வின் வினா இங்கும் நிற்கிறது. இக்கதை நமக்கு எவ்வாறு கிடைக்கிறது? பரவலாக வாசிக்கப்படும் நூல்கள் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய ‘டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்’ (1965), ‘கிரானி பிராண்ட்’ (1976) என்பனவும், பால் பிராண்டின் சொந்த நினைவுகளும் ஆகும். இவை யாவும் பேணியவர் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டவை. பூசாரியின் குழந்தைகள் இவற்றில் ஒப்படைக்கப்பட்டவர்களாக, பெயரிடப்பட்டவர்களாக, சான்றாக வருகின்றனர். பெற்ற பெயரை இழந்து புதுப்பெயர் ஏற்ற மகவு அதைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இக்கதையில் இடம் ஒதுக்கப்படவில்லை. கல்லறைக் கல்லிலிருந்து பெயர்பெற்ற ஜெருஷாவுக்கேனும் எழுதுகோல் கிடைத்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதுவே இவ்வரலாற்றின் கூர்மையான பகுதி. 1923இல் பிராண்ட் இணையர் தம் மகன் பாலையும் மகள் கோனியையும் கல்விக்காக இலண்டனில் உறவினரிடம் விட்டு மலைக்குத் திரும்பினர். அப்போது மகனுக்கு ஒன்பது வயது. அதன்பின் தந்தைக்கும் மகனுக்குமான உறவு கடிதம் ஒன்றே. ஜெஸ்ஸி தம் மகனுக்கு மலையின் மரங்களையும் பூச்சிகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் கடிதங்களில் எழுதினார். 1929 சூனில் கருநீர்க் காய்ச்சலால் அவர் இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் இலண்டன் சேர்ந்தது. இறப்பதற்குமுன் அவர் எழுதிக் கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதங்கள் அதற்குப் பின்னரும் வந்துசேர்ந்தன.

பிறர் குழந்தைகளுக்கு வீடளித்தவர் தம் குழந்தைகளுக்குக் கடிதமானார். இல்லத்துப் பிள்ளைகள் கடிதத்தின் பொருளாயினர். பெற்ற பிள்ளைகள் கடிதத்தின் பெறுநராயினர். அருகிருப்பும் எழுத்தும் ஒருசேர எவருக்கும் கிடைக்கவில்லை. இம்முரண் வெப்ஸ்டரின் நாவலில் எழ வாய்ப்பில்லை, ஏனெனில் சாலி மணமாகாதவள், குழந்தையற்றவள். அவளுடைய கடிதங்கள் யாவும் நிகர்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு எழுதப்படுபவை. ஜெஸ்ஸியின் கடிதங்களோ குழந்தைக்கு எழுதப்பட்டவை. குழந்தைக்கு எழுதும்போது குழந்தை எதைக் காண விரும்பும் என்று எண்ணவேண்டியிருக்கிறது. எனவே அவற்றில் கோட்பாட்டிற்கு மாறாக மலை வருகிறது, பூச்சி வருகிறது. குழந்தையைப் பற்றி எழுதுவதற்கும் குழந்தைக்கு எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாவலைவிடத் தெளிவாக இவ்வாழ்வு காட்டுகிறது.

எவலின் கணவரை இழந்த பின்னும் தமிழகப் பணியைக் கைவிடவில்லை. 1947இல் மிஷன் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பின், அறுபத்தெட்டாம் அகவையில், கொல்லிமலைக்கே மீண்டு அண்டை மலைகளுக்கும் சென்று பணியாற்றினார். 1974இல் தொண்ணூற்றைந்தாம் அகவையில் மறைந்து, கணவர் அருகே அம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஈகத்தை ஐயுறுவதற்கு இடமில்லை. ஈகம் மிக்க கையில் இருந்தாலும் எழுதுகோல் ஒரு பக்கத்தையே எழுதும் என்பதே இங்குக் கூறப்படுவது.

7. மன்றில் நின்ற சிறுவர்

அவ்வாறாயின் பேசவியலாத குழந்தையைப் பற்றிப் பிறர் எழுதவே கூடாதா? இதற்குத் தமிழ் மரபிலேயே, அதுவும் கொல்லிமலையின் வரலாற்றோடு தொடர்புடைய குடி ஒன்றின் வழி, ஒரு விடை இருக்கிறது.

கொல்லி வல்வில் ஓரியின் மலை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு (209) பேசுகிறது. அம்மலையமான் குடியின் சிறுவர் பின்னொரு காலத்தில் சோழன் கிள்ளிவளவனிடம் சிக்கி, யானைக்கால் இடப்படும் நிலைக்கு வந்தனர். அவர்களைக் காக்கக் கோவூர் கிழார் பாடிய பாடல் புறம். 46. அவர்கள் செய்த குற்றம் பகைவன் வழியில் பிறந்தது மட்டுமே. பரம்பரையே தண்டனைக்குக் காரணமான தருணம் அது.

புலவர் முதலில் பரம்பரையையே எடுக்கிறார். புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என அரசனுக்கும், புலமையால் வாழ்வோர்க்குப் பகுத்துக் கொடுத்து உண்பவர் குடியினர் இவர் எனச் சிறுவர்க்கும் குடிப்பெருமை கூறுகிறார். குடியைக் காட்டித் தண்டிப்பவனிடம் குடியைக் காட்டியே காக்க முயலும் வாதம் இது. அதோடு அவர் நிறுத்தியிருப்பின் பாடல் வழக்குரையாக முடிந்திருக்கும். அதன்பின் அவர் பார்வையை மாற்றுகிறார். அழுதுகொண்டிருந்த சிறுவர் யானையைக் கண்டதும் அழுகையை மறக்கின்றனர். முன்பின் அறியாத மன்றத்தை மருண்டு நோக்குகின்றனர். அதுவரை அறியாத புதியதொரு துன்பம் அவர்களைப் பற்றுகிறது. கொல்ல வந்த யானை குழந்தையின் கண்ணில் வேடிக்கையாகிறது. வேடிக்கை பார்க்கும் அக்கண்ணையே புலவர் அரசனுக்குக் காட்டுகிறார். கேட்டாயெனில் இனி நீ விரும்பியதைச் செய் என்று முடிக்கிறார்.

இங்கும் சிறுவர் பேசவில்லை. புலவரே பேசுகிறார், அதிகாரத்தில் இருப்பவரை நோக்கியே பேசுகிறார். அமைப்பால் இது சாலியின் கடிதத்திற்கு ஒப்பானது. வேறுபாடு பார்வையில். சாலி குழந்தைகளைப் பார்க்கிறாள். கோவூர் கிழார் குழந்தைகள் பார்ப்பதைப் பார்க்கிறார். பிறர்பொருட்டு எழுதும் எழுத்துக்கு இப்பாடல் வகுக்கும் அளவுகோல் இதுவே: குழந்தையின் வாய்மொழி கிடைக்காதவிடத்தும் குழந்தையின் கண்வழி கிடைக்கவேண்டும்.

இவ்வளவுகோலால் ‘டியர் எனிமி’யை அளப்பின், அதன் உயர்ந்த பகுதிகள் எவை என்பதும் விளங்கும். குழந்தைகளின் குறும்பும் பிடிவாதமும் சாலியின் திட்டத்தை முறியடிக்கும் இடங்களில் அவளையும் மீறிக் குழந்தையின் கண் திறக்கிறது. வாசகர் சிரிக்கும் இடங்களே நாவல் அறத்தில் நிமிர்ந்து நிற்கும் இடங்கள். அவள் நூல்களைப் படித்துவிட்டு எழுதும் பக்கங்களில் அக்கண் மூடிக்கொள்கிறது. நகைச்சுவை இந்நாவலுக்கு அணியன்று, அதன் மனச்சான்று.

8. முடிவுரை

‘அநாதை’ என்னும் சொல் நாதன் இல்லாதவர் எனப் பொருள்பட்டு, ஒருவரை அவரிடம் இல்லாததைக் கொண்டு வரையறுக்கிறது. ‘ஆதரவற்றோர்’ என்னும் சொல்லும் அத்தகையதே. இல்லாமையால் பெயர்பெற்றவரைப் பற்றி எழுதும் எழுத்து எளிதில் தகவலாகவும் வகைப்பாடாகவும் சுருங்கிவிடும் என்பதை இவ்வாய்வு கண்டது. அதன் முடிவுகள் வருமாறு:

முதலாவது, ‘டியர் எனிமி’யில் பரம்பரைத் தூய்மைக் கோட்பாடு நுழைந்ததற்குக் காலச்சூழல் மட்டும் காரணமன்று. இல்லத்துப் பெண்ணிடமிருந்து எழுதுகோலை நிருவாகியிடம் மாற்றிய வடிவத்தேர்வும் காரணம். ஒரே ஆசிரியரின் இரு நாவல்களை ஒப்பிடுவதால் இது தெளிவாகிறது. இரண்டாவது, இக்குறை புனைவுக்கு மட்டும் உரியதன்று. கொல்லிமலை வரலாறு நமக்குக் கிடைக்கும் முறையிலும் பேணியவரின் குரலே நிலைத்து, பேணப்பட்டவரின் குரல் மங்கியுள்ளது. மூன்றாவது, யாருக்கு எழுதப்படுகிறது என்பது எழுத்தின் அறத்தை மாற்றுகிறது. தந்தை மகனுக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்று. நான்காவது, பிறர்பொருட்டு எழுதுவதை முற்றிலும் விலக்கவேண்டியதில்லை. குழந்தை காண்பதைக் காணும் எழுத்துக்குப் புறநானூறு முன்மாதிரி தந்துள்ளது.

இவை இலக்கியத்தோடு நிற்பனவல்ல. குழந்தையின் கருத்தைக் கேட்டறிதல் வேண்டும், நிறுவனத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடுகளை இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம் (2015) தன் அடிப்படைகளுள் வைத்துள்ளது. கொல்லிமலையில் இன்று அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குகின்றன. அங்குப் பயிலும் பிள்ளைகளைப் பற்றி அறிக்கைகள் எழுதப்படுகின்றன, ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. அவ்வெழுத்துகளில் எண்ணிக்கை, தேர்ச்சி விழுக்காடு, குடும்பப் பின்னணி ஆகியவை தவறாது இடம்பெறும். அப்பிள்ளைகள் எழுதிய கடிதங்களையும் திரட்டி, பாதுகாத்து, ஆய்வுப் பனுவலாகக் கொள்ளும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. விடுதியிலிருந்து மலையூர்களுக்குச் செல்லும் கடிதங்கள், பள்ளிக் கட்டுரைகள், வாய்மொழி நினைவுகள் ஆகியவை சேருமாயின், ஒரு நூற்றாண்டுக்குமுன் வெப்ஸ்டர் கைமாற்றிய எழுதுகோல் உரியவர் கைக்குத் திரும்பும்.